நனையாத படுக்கைகள்

செஞ்சியில் ஒரு வசதி உண்டு, மேடம். துவைத்த துணி சீக்கிரம் காய்ந்துவிடும். பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்ட கோட்டைப் பாறைகள் பொழுது சாய்ந்த பிறகும் அதை ஊர் மேல் ஊதிக்கொண்டே இருக்கும். சித்திரையில் விரிப்பைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். துணி காயப்போடுவதில் எனக்கு ஈடு இந்த ஊரில் யாரும் இல்லை. பெருமை சொல்லிக்கொள்ள வேறு ஒன்றும் கையில் இல்லாததால் இங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஆதிமூலம் ஐயா எப்படி இறந்தார் என்றுதானே கேட்டீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன். நேராக எதையும் சொல்லிப் பழக்கம் இல்லை. மளிகைக் கடையில் அரைக்கிலோ துவரம்பருப்பு கேட்பதற்கே, பின்னால் வந்தவர்களை எல்லாம் முன்னால் விட்டுவிட்டு, கடைசியில் கடைக்காரர் எதைக் கொடுக்கிறாரோ அதை வாங்கிக்கொண்டு வருகிறவள் நான். பேர் மட்டும் சாமுண்டீஸ்வரி. எருமைத் தலையை மிதித்துக்கொண்டு நிற்கிற சாமி. நானோ பல்லி விழுந்தால் நாற்காலி மேல் ஏறுகிறவள். அதனால்தான் இல்லத்தில் எல்லோரும் பேரை வெட்டிச் சாமு என்று ஆக்கிவிட்டார்கள். அதுவே எனக்குச் சரியான அளவு.

எங்கள் இல்லம் முன்பு கல்யாண மண்டபமாக இருந்தது. திருவண்ணாமலை ரோட்டில் குளுகுளு மண்டபம் ஒன்று வந்ததும் இதற்குக் கல்யாணம் வருவது நின்றுபோனது. முதலாளி இளையபெருமாள் சார் கட்டில்களை வாங்கிப்போட்டு முதியோர் இல்லமாக மாற்றினார். பந்தி போட்ட கூடத்தில் இப்போது ஆண்கள் படுக்கிறார்கள். எழுந்து நடக்க முடியாத பெண்கள் படுக்கிற அறைக் கதவில் இன்னமும் 'மணமகள் அறை' என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும். அழிக்கச் சொன்னேன். "இருக்கட்டும் சாமு, ஆயாங்களுக்கு ஆசையா இருக்கும்" என்றார் சார். அவர் மாதத்துக்கு ஒருதரம் வருவார். தமாஷாகப் பேசுவார். நல்ல மனுஷர். அவருக்கு ஒன்றும் தெரியாது. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

நான் பெருக்கித் துடைக்கத்தான் வந்தேன். அப்போது வாசல் கேட்டிலேயே வாடை அடிக்கும். பெற்றவர்களைப் பார்க்க வரும் பிள்ளைகள் கேட்டைத் தாண்டும்போதே கைக்குட்டையை எடுத்துவிடுவார்கள். கட்டில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். பழத்தை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, "பஸ்சுக்கு நேரமாச்சும்மா" என்று கிளம்பிவிடுவார்கள். தைலம்மாள் என்று தொண்டூர் ஆயா ஒருவர் இருந்தார். மகன் வருகிறான் என்றால் காலையிலிருந்தே என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். "சாமு, கொஞ்சம் பார்றீ, நனைஞ்சிருக்குதா பாரு." நனைந்துதான் இருக்கும். மாற்றுவேன். மகன் வருவதற்குள் மறுபடியும் நனைந்துவிடும். ஒருநாள் மகன் வந்து நின்றபோது போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டு தூங்குவது போலப் படுத்திருந்தார். அவன் போன பிறகும் எடுக்கவில்லை. கட்டில் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. காரணம் சொல்கிறேன். சிரிக்கலாம், எனக்குக் கோபம் வராது.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது, தண்ணீர் கிடையாது. கதவு இருந்ததாக மூத்த அக்காக்கள் சொல்லுவார்கள். அதனால் ஆறாம் வகுப்புக்கு வந்ததுமே எல்லோரும் ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டுவிடுவோம். காலையில் வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது. மத்தியானம் சோற்றுக்குப் பிறகு ஒரு வாய் கொப்பளித்துத் துப்பலாம், விழுங்கக் கூடாது. சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குடத்தைக் கவிழ்த்துக்கொள்ளலாம். கணக்கில் பெயில், இங்கிலீஷில் பெயில், இந்த ஒன்றில் மட்டும் நான்தான் வகுப்பிலேயே முதல். தலை வலிக்கும், கண் இருட்டும். அதெல்லாம் பழகிவிடும்.

பத்தாவதில் ஒருநாள் காய்ச்சல். அம்மா மாத்திரையைக் கொடுத்துப் பெரிய லோட்டாவில் தண்ணீரையும் கொடுத்துவிட்டாள். பரீட்சை நடந்துகொண்டிருந்தது. எழுந்து கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ. பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது. யாரும் சிரிக்கவில்லை, மேடம். பக்கத்தில் இருந்த மஞ்சு தன் பையை மட்டும் தரையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. கணக்கு வராமல் நின்றுவிட்டாள் என்று ஊரில் சொன்னார்கள். அதுவே கொஞ்சம் கௌரவமாக இருந்ததால் நானும் விட்டுவிட்டேன். அன்றைக்கு அந்த லோட்டாத் தண்ணீரைக் குடிக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு நானும் டீச்சராகி, எழுந்து நிற்கிற பிள்ளைகளை உட்காரச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஆகவே தைலம்மாள் ஆயாவிடம் என் வித்தையைச் சொன்னேன். "மவன் வர்ற அன்னிக்குக் காலையில தண்ணி வேணாம் ஆயா." அவர் கேட்டார். மகன் வந்தான், கட்டிலில் உட்கார்ந்தான், கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசினான். போகும்போது என்னிடம் வந்து, "அம்மாவ நல்லா வச்சிருக்கீங்கக்கா" என்றான். என்னை யாரும் அதற்கு முன் பாராட்டியதில்லை. அன்றைக்கு முகம் கழுவும்போது கண்ணாடியில் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றேன்.

சாரும் அதைக் கேள்விப்பட்டு, எல்லோரையும் பார்த்துக்கொள்கிற பொறுப்பை என்னிடமே விட்டார். அப்புறம் எல்லோருக்கும் செய்தேன். முதலில் சாயங்கால டீயோடு தண்ணீரை நிறுத்தினேன். பிறகு டீயையும் நிறுத்தினேன். டம்ளர் இருந்தால் இன்னொன்று கேட்கிறார்கள் என்பதால் டம்ளர்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடை இருக்கிறதே, அதை வாங்கி வந்தேன். மாத்திரைக்கு ஒரு பாலாடை, சாப்பாட்டுக்கு ஒரு பாலாடை. புரையேறாமல் இருப்பதற்காக என்று சொல்லிவிட்டேன். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு, ஆனால் எனக்கு வேண்டியது அதுவல்ல. பார்க்க வந்தவர்கள் உருகிப்போனார்கள். "கொழந்த மாரி பாத்துக்குறாங்கப்பா" என்று செல்போனில் படம் எடுத்தார்கள். அந்தப் படங்களில் எல்லாம் நான் தலையைச் சாய்த்துக்கொண்டு, வலது கையில் பாலாடையோடு, தெய்வம் போலத் தோற்றமளிப்பேன். தலையைச் சாய்ப்பதைத் தனியாக ஒத்திகை பார்த்திருக்கிறேன்.

சமையல் பார்க்கிற ஜெயக்கொடி அக்காவிடம் ரசம் வேண்டாம், மோர் வேண்டாம், சோறு கெட்டியாக இருக்கட்டும் என்றேன். அவருக்கு வாய் நீளம்.

"இன்னாடி இது, கெழங்கட்டைங்களுக்கு ரசம் கூட ஆவாதா? தொண்டையில சோறு எப்படிறீ எறங்கும்?"

"டாக்டர் சொன்னாருக்கா."

"எந்த டாக்டரு? வுட்டா நீ தர்பூசணியைக் கூடப் புழிஞ்சிட்டு சக்கைய குடுப்பே."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒருதரம் வருகிற அவர் ஒவ்வொரு தடவையும், "வெயில் காலம், தண்ணி நெறைய குடுங்க" என்றுதான் சொல்லுவார். நான் தலையாட்டுவேன். தலையாட்டுவதில் கெட்டிக்காரி நான். அக்காவுக்கும் அதற்கு மேல் என்னோடு மல்லுக்கட்ட நேரமில்லை. ரசத்தை நிறுத்திவிட்டார்.

வாடை போய்விட்டது. முழுக்கப் போய்விட்டது. கேட்டுக்கு உள்ளே வந்தால் பினாயில் கூட வராது, ஊதுவத்தி மணம்தான். பேரப்பிள்ளைகள் வந்து கட்டிலில் ஏறிப் படுத்தார்கள். விழுப்புரத்திலிருந்தும் ஆரணியிலிருந்தும் வேறு இல்லக்காரர்கள் பார்க்க வந்தார்கள். ஊரில் ஒரு சங்கம் எனக்குப் பொன்னாடை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்து, "ரகசியம் என்னன்னு சொல்லுங்க" என்றது. மைக்கைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "அன்புதான்" என்று சொன்னேன். முன்வரிசைக்கு மட்டும் கேட்டது. அவர்கள் தட்டியதைப் பார்த்துப் பின்வரிசையும் தட்டியது. வீட்டுக்கு வந்து அந்தப் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டே சாப்பிட்டேன். குழம்பு பட்டுவிட்டது. என் லட்சணம் அவ்வளவுதான்.

இல்லத்தில் இன்னொரு மாற்றமும் வந்தது. சத்தம் குறைந்தது. முன்பெல்லாம் ராஜம்மாள் ஆயாவும் தைலம்மாள் ஆயாவும் விடிந்ததிலிருந்து சண்டை போடுவார்கள். யார் ஜன்னல் பக்கம் என்பதுதான் வழக்கு. அது நின்றது. பகலிலும் தூங்கினார்கள். எழுப்பினால் என்னைத் தங்கை என்றும் மாமியார் என்றும் கூப்பிட்டார்கள். அடிக்கடி காய்ச்சல் வந்தது. சிலர் போனார்கள், தைலம்மாள் ஆயாவும் அதில் ஒருவர். வயசு என்றார் டாக்டர். நானும் வயசு என்றேன். அவர்கள் மனம் நிறைந்து அமைதியாகிவிட்டார்கள் என்று நினைத்தேன். ஒரு கல்யாண மண்டபத்தை நான் ஒருத்தியே ஆசிரமம் ஆக்கிவிட்டதாகக் கூடத் தோன்றியது. இப்படியெல்லாம் யோசிக்கப் பத்தாவது பாஸாகியிருக்க வேண்டிய அவசியமில்லை.

அப்போதுதான் மாசி மாதம் ஆதிமூலம் ஐயா வந்தார்.

திண்டிவனம் திருவண்ணாமலை பஸ்ஸில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்தவர். குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். மகன் இளவழகனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை, அவன் மனைவிக்கும் வேலை, பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஐயாவுக்கு யாரைப் பார்த்தாலும் பேசவேண்டும். வந்த அன்றைக்கே கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, பஸ் ஃபுல்லு, ஆனா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்றான். எல்லாம் தூங்கிக்கினு வர்ற சவாரியா?" என்றார்.

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு பாலாடையை நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா சாமு, எனக்கு அரை டிக்கெட்டா?"

"பொரையேறும் ஐயா."

"எனக்குப் பொரையேற்றது இருக்கட்டும், நாக்கு ஒட்டிக்கிச்சி. ஒரு சொம்பு கொண்டா. முழு டிக்கெட்டே எட்த்துக்குறேன்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

அவர் சும்மா இருக்கவில்லை. ஏர்கூலர் தொட்டியில் கையை விட்டு அள்ளிக் குடித்தார். தொட்டி மேல் பலகை அடித்தேன். சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்த செம்பைக் காலி செய்துவிட்டு, "சாமிக்குப் பொரையேறிடப் போவுதுன்னு நானே குட்ச்சிட்டேன்" என்றார். செம்பை எடுத்துவிட்டேன். கழிப்பறைக் குழாய்க்குப் போனார். அதற்கு வெளியிலிருந்து வால்வு போட்டு மூடச் செய்தேன், நான் கூட நிற்கும்போது மட்டும் திறப்பேன். கடைசியில் ஒருநாள் துளசித் தொட்டிக்கு அடியில் இருந்த தட்டை இரண்டு கையாலும் தூக்கி வாயில் வைத்துக்கொண்டு நின்றார். மோவாயெல்லாம் மண். "விழுந்துடுவீங்க ஐயா" என்று சொல்லி வாக்கரை எடுத்துப் போய்ச் சாமான் அறையில் வைத்துப் பூட்டினேன். விழுந்துவிடுவார் என்பது பொய்யில்லை. ஏற்கெனவே விழுந்தவர்தானே.

அதற்கப்புறம் படுக்கைதான்.

பங்குனியில் இளவழகன் வந்தபோது அவர் நேராகவே சொல்லிவிட்டார். "எனக்கு இங்க தண்ணி தர மாட்றாங்கடா." சொல்லும்போது தமாஷ் எதுவும் இல்லை. இளவழகன் என்னைப் பார்த்தான். நான் உள்ளே போய்ப் பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தார். இன்னொன்று கேட்டார், கொடுத்தேன். இன்னொன்றும் கொடுத்தேன். தலையைச் சாய்த்துக்கொண்டுதான் கொடுத்தேன்.

இளவழகன் விரிப்பைத் தடவிப் பார்த்தான், கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். என்னை வாசல் வரை தனியாகக் கூட்டிப்போய், "அப்பாவுக்கு ஞாபகம் தப்புது போலக்கா. தப்பா எடுத்துக்காதீங்க" என்றான்.

"வயசானா அப்படித்தான் தம்பி" என்று சொன்னேன்.

மறுநாள் காலையில் அவர் படுக்கை நனைந்திருந்தது. இல்லத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். அவர் கூசிப்போவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார், நான் சமாதானம் சொல்லலாம் என்று அதற்கு ஏற்ற முகத்தோடு போனேன். அவரோ கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு படுத்திருந்தார்.

"நனைஞ்சிட்ச்சி ஐயா" என்றேன்.

"நனைஞ்சா இன்னா? காயப்போடு, காஞ்சிடும். செஞ்சி வெயிலுக்கு இன்னா கொறச்சல்."

அவ்வளவுதான் சொன்னார். கேலியாகக் கூடச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது என்று நினைப்பீர்கள். கோபமில்லை. ஒரு மனுஷனுக்கு அதில் வெட்கமே இல்லாமல் இருக்க முடியும் என்பதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அன்றைக்கெல்லாம் எனக்கு வேலை ஓடவில்லை. யாரோ என் படிப்பை எடுத்து, இது ஒன்றுக்கும் ஆகாது என்று மூலையில் போட்டது மாதிரி இருந்தது. அது ஒன்றுதானே என் படிப்பு.

அதன் பிறகு அவருக்குப் பாலாடையும் பாதிதான் நிரப்பினேன். தண்டனை என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு அதிகமாகிவிட்டது, சரிப்படுத்துகிறேன் என்றுதான் நினைத்தேன்.

சித்திரைக் கடைசியில் இளையபெருமாள் சார் போன் செய்தார். நல்ல இல்லங்களைத் தேர்ந்தெடுத்துப் பரிசு கொடுக்கிற ஒரு குழு சென்னையிலிருந்து வருகிறது, சொந்தக்காரர்களையும் அன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறேன் என்றார். "சாமு, நம்ம மானம் ஒன் கையில" என்றார். நம் மானம் என்று ஒருவர் என்னையும் சேர்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டிருந்தது. கோட்டைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் பாதிப் படியிலேயே திரும்பிக்கொண்டிருந்தார்கள். கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. குழு வருவதற்கு முந்தின நாள் காலையிலிருந்தே நான் எல்லோருக்கும் தண்ணீரை நிறுத்திவிட்டேன். மாத்திரையைப் பொடி செய்து கெட்டிச் சோற்றில் பிசைந்து ஊட்டினேன். ஆதிமூலம் ஐயாவுக்கு அதற்கும் முந்தின நாளே நிறுத்தியிருந்தேன். அவர் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

முதல் நாள் அவர் கேட்டார். இரண்டாம் நாள் காலையில் பஸ்ஸில் இருந்தார். "வல்லம் எறங்கு, வல்லம். தீவனூர்லாம் முன்னாடி வா" என்று ஒவ்வொரு ஸ்டாப்பாகச் சொல்லிக்கொண்டே வந்தார். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது, நான் குனிந்து கேட்டேன். நடுவில், "டிரைவரே, டீக்கடையில ஓரம் கட்டுப்பா, ஒரு வாய் தண்ணி குட்ச்சிட்டு வந்துர்றேன்" என்றார். சாயங்காலம் ஸ்டாப் சொல்வதும் நின்றது. அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை. விரிப்பைத் தொட்டேன், காய்ந்திருந்தது. ஜெயக்கொடி அக்கா கதவருகில் நின்று, "ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போடேண்டி, மூஞ்சியே சரியில்லையே" என்றார். "நாளைக்கு ஆள் வர்றாங்கக்கா, முடியட்டும்" என்றேன்.

மூன்றாம் நாள் எல்லோருக்கும் வெள்ளை வேட்டி, புதுப்புடவை. உதடுகள் வெடித்துப்போயிருந்ததால் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். பளபளவென்று நன்றாகத்தான் இருந்தார்கள். குழுவிலிருந்த அம்மா ஒருவர் கூடத்தில் நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்து, "எவ்வளவு அமைதி, இல்லையா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்தவர்களுக்கெல்லாம் ரோஸ்மில்க் கொடுத்தோம். படுத்திருந்தவர்கள் தலைகள் அந்தத் தட்டு போகிற பக்கமெல்லாம் திரும்பின. ஆளைப் பார்த்து ஆசையாகத் திரும்புகிறார்கள் என்று வந்தவர்கள் கை காட்டினார்கள்.

இளவழகன் அப்பா கட்டிலுக்குப் போய் இரண்டு தரம் கூப்பிட்டான். பிறகு சத்தமாகக் கூப்பிட்டான். எல்லோரும் போய்ச் சூழ்ந்துகொண்டோம். மூச்சு நின்று நின்று வந்தது. ராஜம்மாள் ஆயாவைப் பார்க்க அனந்தபுரத்திலிருந்து வந்திருந்த அவர் தங்கை கூட்டத்தை விலக்கி வந்து, முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒங்கப்பா கெளம்பிட்டாருப்பா. பால் இருந்தா ஊத்து, இல்லாட்டித் தண்ணி ஊத்து. புள்ள கையால எறங்கட்டும்" என்றார். அடுப்படியில் இருந்து ஜெயக்கொடி அக்கா ஒரு சொம்பு நிறையத் தண்ணீரும் ஸ்பூனும் கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்கும்போது என்னைப் பார்த்தார்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள், மேடம். அந்த நேரத்தில் ஊற்றுவது பெரும்பாலும் கடைவாயில் வழிந்துவிடும். இளவழகன் அழுதுகொண்டே ஒரு ஸ்பூன் ஊற்றினான். அவர் விழுங்கினார். இன்னொன்று, அதையும் விழுங்கினார். தொண்டை ஏறி இறங்கியது எல்லோருக்கும் தெரிந்தது. "ஆசை அடங்கல போலக்குதே. ஊத்துப்பா, இன்னும் ஊத்து" என்றார் அனந்தபுரத்து அம்மா. இளவழகன் ஸ்பூனைப் போட்டுவிட்டுச் சொம்பையே வாயில் சாய்த்தான். மடக்கு மடக்காகக் குடித்தார். கண் திறந்தது. கை எழும்பி வந்து சொம்பைப் பிடித்துக்கொண்டது. கூடி நின்றவர்கள் விம்மினார்கள். மகன் மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்றார் குழுவிலிருந்த அம்மா.

அது பாசம் இல்லை, ஆசையும் இல்லை என்று அங்கே எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரிந்திருக்கும், ஆனால் அவர் அடுப்படிக்குப் போய்விட்டார். அந்தச் சொம்பு முழுக்க இறங்கியிருந்தால், அப்படியே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தால், அவர் பிழைத்திருக்கக் கூடும். நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அப்போதே அது எனக்குத் தெரிந்தது.

ஆனால் தண்ணீர் மோவாயில் வழிந்து, கழுத்தில் இறங்கி, தலையணைக்கு வந்துகொண்டிருந்தது. குழு கட்டிலை ஒட்டித்தான் நின்றுகொண்டிருந்தது.

"போதும் தம்பி, படுக்கை நனைஞ்சிடும்" என்றேன்.

வாழ்க்கையில் ஒரு கூட்டத்துக்கு நடுவில் நான் தெளிவாகப் பேசியது அது ஒன்றுதான். இளவழகன் உடனே சொம்பை விட்டான். என்னை விவரம் தெரிந்தவள் என்று நினைத்திருந்தான், பாவம். ஐயாதான் விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக நான் பிரித்து எடுத்தேன். வலிக்காமல்தான் எடுத்தேன். சொம்பு என் கைக்கு வந்த பிறகும் அவர் கண் அதன் பின்னாலேயே வந்தது. சற்று நேரத்தில் மூச்சு நின்றது.

இளவழகன் ஈமக் கடனெல்லாம் முடித்துவிட்டு, அப்பாவின் தொண்டை ஏறி இறங்கியதையும் நான் சொன்னதையும் திரும்பத் திரும்ப நினைத்து, உங்களிடம் வந்திருக்கிறான். அதில் எனக்கு வருத்தமில்லை. மற்றவர்களை எல்லாம் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்றியிருக்கிறீர்களாம். ராஜம்மாள் ஆயா பழையபடி ஜன்னல் பக்கத்துக் கட்டில் கேட்டு நர்சுகளோடு சண்டை போடுகிறார் என்று வெளியே கான்ஸ்டபிள் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகிவிட்டது. எவ்வளவு நல்லபடியாக இருந்தவர்.

ஆமாம், மேடம். நான்தான் கொடுக்கவில்லை. கொடுத்ததையும் நான்தான் பிடுங்கினேன். அவருக்கு மட்டுமில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று. ஐயாவை எடுத்துக்கொண்டு போன பிறகு விரிப்பை நான்தான் எடுத்தேன். தலைமாட்டில் கையகலத்துக்கு நனைந்திருந்தது, குழுவிலிருந்து ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். அது வாயிலிருந்து வழிந்த தண்ணீர்தான், வேறு ஒன்றும் இல்லை. அதை மட்டும் தப்பாக எழுதிவிடாதீர்கள்.